மிசிசிப்பியில் யாரால் தலைவராக முடிந்தது?

1955-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், யாஜூ சிட்டி என்கிற சின்ன ஊரில், 53 கறுப்பினத்தவர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று முந்தைய வருடம்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதை எங்கள் ஊரிலும் அமல்படுத்துங்கள் என்பது மட்டுமே மனு. அந்த ஊர் சிட்டிசன்ஸ் கவுன்சில், அதாவது வெள்ளை வியாபாரிகளும் பண்ணையார்களும் வங்கிக்காரர்களும் சேர்ந்து நடத்திய அமைப்பு, கையெழுத்துப் போட்ட அத்தனை பேருடைய பெயரையும் உள்ளூர்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாகப் போட்டது. விளம்பரத்தில் மிரட்டல் ஒரு வரிகூட இல்லை, பெயர்கள் மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது. வேலையில் இருந்தவர்களுக்கு வேலை போனது, குழாய் வேலை பார்த்தவருக்கு வாடிக்கைக்காரர்கள் நின்றுபோனார்கள், மளிகைக்கடை வைத்திருந்தவருக்கு மொத்த வியாபாரி சரக்குத் தர மறுத்தார். ஒருவர் பின் ஒருவராக வந்து பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். சிலர் ஊரையே விட்டுப் போனார்கள்.

மிசிசிப்பியின் உரிமைப் போராட்டத் தலைவர்களைப் பற்றி எழுத நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த விளம்பரத்திலிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. அங்கே யார் தலைவர் ஆனார், யார் ஆகவில்லை என்பதற்குத் துணிச்சலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. துணிச்சல் நிறையப் பேருக்கு இருந்தது. அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார், வீடு யாருடையது, கடன் யாரிடம் வாங்கியிருக்கிறார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் மெட்கர் எவர்ஸ் எப்படி வந்தார், ஆரன் ஹென்றி எப்படி முப்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார், ஃபேனி லூ ஹேமர் செய்தது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்பதெல்லாம் புரியும்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த சில வருடங்களில் மிசிசிப்பியில் கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டார்கள், பதவிக்கும் வந்தார்கள். அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் ஹைரம் ரெவல்ஸ் 1870-ல் இந்த மாநிலத்திலிருந்துதான் போனார். அடுத்து பிளான்ச் புரூஸ் 1875 முதல் 1881 வரை முழுப் பதவிக்காலமும் செனட்டில் இருந்தார். ஜான் லிஞ்ச் 24 வயதில் மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆனார், பிறகு வாஷிங்டனுக்கே பிரதிநிதியாகப் போனார். புரூஸுக்குப் பிறகு அமெரிக்க செனட்டுக்கு இன்னொரு கறுப்பினத்தவர் தேர்ந்தெடுக்கப்பட 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் மாசசூசெட்ஸில்.

இடையில் நடந்தது இதுதான். 1875 தேர்தலில் வெள்ளையர்கள் துப்பாக்கியைக் காட்டி ஓட்டைத் தடுத்தார்கள், ஆட்சியைப் பிடித்தார்கள். 1890-ல் புதிய மாநில அரசியலமைப்பை எழுதி, துப்பாக்கி செய்த வேலையைச் சட்டத்திடம் ஒப்படைத்தார்கள். ஓட்டுப் போட இரண்டு டாலர் வரி கட்ட வேண்டும். அரசியலமைப்பின் ஏதாவது ஒரு பிரிவை வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டு 'நியாயமான' விளக்கம் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவு என்பதையும் விளக்கம் நியாயமா என்பதையும் முடிவு செய்பவர் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பதிவாளர், வெள்ளைக்காரர். மொத்தம் 285 பிரிவுகள். 1954-க்குப் பிறகு விதியை இன்னும் இறுக்கி, வாசிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும், விளக்கமும் சொல்ல வேண்டும் என்று மாற்றினார்கள். 1962-ல் விண்ணப்பித்தவர்களின் பெயரையும் முகவரியையும் இரண்டு வாரம் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்று ஒரு சட்டமே போட்டார்கள். யாஜூ சிட்டியில் ஒரு அமைப்பு காசு கொடுத்துச் செய்ததை மாநில அரசே செய்யத் தொடங்கியது. யாருடைய பண்ணையில் இருக்கும் ஆள், யார் வீட்டில் சமைக்கும் பெண் என்று முதலாளிகள் காலையில் பத்திரிகையைப் பிரித்தாலே தெரிந்துகொள்ளலாம்.

இதன் விளைவு எண்ணில் தெரியும். 1964-ல் மிசிசிப்பியில் வாக்குரிமைக்குத் தகுதியான கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம் பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். மாநிலத்தின் வடமேற்கில் டெல்டா என்று சொல்லப்படும் பருத்திப் பகுதியில், மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர் இருந்த பல கவுண்டிகளில், நிலைமை இதைவிட மோசம். டெல்டாவில் பெரும்பாலானோர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர்கள். நிலம் பண்ணையாருடையது, குடியிருக்கும் குடிசை பண்ணையாருடையது, விதையும் மாவும் பண்ணையின் கடையிலேயே கடனுக்கு. அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது எவ்வளவு விளைந்தது, எவ்வளவு கடன் என்பதைச் சொல்வதும் பண்ணையார்தான். இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் ஒருவர் ஓட்டுக்குப் பதியப் போனால் அன்று மாலை அவருக்கு வீடு இருக்காது.

அப்படியானால் வாய் திறக்க முடிந்தது யாரால்? பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மருத்துவர், மருந்துக்கடைக்காரர், பெட்ரோல் பங்க் நடத்தியவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், அழகுநிலையம் வைத்திருந்த பெண், சொந்தமாகப் பத்து முப்பது ஏக்கர் பட்டா வைத்திருந்த விவசாயி. இவர்கள் எல்லாருக்கும் வாடிக்கையாளர்கள் கறுப்பின மக்களே, அல்லது வருமானம் மாநிலத்துக்கு வெளியிலிருந்து வந்தது. ஆசிரியர்கள் இந்தப் பட்டியலில் குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும். ஊரில் அதிகம் படித்தவர்கள் அவர்களே, ஆனால் சம்பளம் அரசுடையது. 1948-ல் கிளாடிஸ் நோயல் பேட்ஸ் என்ற ஜாக்சன் நகர ஆசிரியை வெள்ளை ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார், வேலை போனது. அவருடைய கணவரும் ஆசிரியர், அவருக்கும் போனது. 1956-ல் ஆசிரியர்கள் தாங்கள் எந்தெந்த அமைப்பில் உறுப்பினர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஒதுங்கிப் போனதைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குடும்பத்தோடு பட்டினி கிடக்கத் தயாரா என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் கை தூக்குவோம்?

டெல்டாவில் மௌண்ட் பேயூ என்று ஓர் ஊர் இருக்கிறது. 1887-ல் விடுதலை பெற்ற அடிமைகள் தாங்களே காட்டை வெட்டி அமைத்துக்கொண்ட ஊர். அங்கே மருத்துவராக வந்தவர் டி.ஆர்.எம். ஹோவர்டு, கென்டக்கியில் பிறந்தவர், அறுவைச் சிகிச்சை நிபுணர், பெரிய பணக்காரர். 1951-ல் அவர் தொடங்கிய அமைப்பு ஒரு எளிய காரியத்தைச் செய்தது. கழிப்பறையைப் பயன்படுத்த விடாத பங்கில் பெட்ரோல் போடாதீர்கள் என்று ஸ்டிக்கர் அச்சடித்து கார்களில் ஒட்டியது. பங்க்காரர்கள் பலர் கறுப்பினத்தவருக்கும் கழிப்பறை கட்டினார்கள். இந்த மாநிலத்தில் பணம் ஆயுதம் என்றால் எங்களிடமும் கொஞ்சம் பணம் இருக்கிறது என்று ஹோவர்டு காட்டிவிட்டார். சிட்டிசன்ஸ் கவுன்சில் கடனை நிறுத்தத் தொடங்கியபோது, ஹோவர்டும், கறுப்பினத்தவர் உரிமைக்கான தேசிய அமைப்பான என்ஏஏசிபியும் சேர்ந்து, பக்கத்து மாநிலத்தில் மெம்பிஸ் நகரிலிருந்த கறுப்பினத்தவர் நடத்திய ஒரு வங்கியில் பல ஊர்களிலிருந்து டெபாசிட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு செய்து, அந்தப் பணத்திலிருந்து நெருக்கடியில் இருந்தவர்களுக்குக் கடன் கிடைக்கச் செய்தார்கள். 1955-ல் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன் கொல்லப்பட்ட வழக்கு நடந்தபோது சாட்சிகளும் கறுப்பினப் பத்திரிகையாளர்களும் தங்கியது ஹோவர்டின் வீட்டில்தான், சுற்றிலும் காவல் போட்டு. வழக்கு முடிந்த சில மாதங்களில் அவராலும் அங்கே இருக்க முடியவில்லை, சிகாகோவுக்குப் போய்விட்டார்.

அவர் போனாலும், அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசி விற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞர் இருந்தார். மெட்கர் எவர்ஸ். 1925-ல் டிகேட்டர் என்ற ஊரில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் வரை போய்ப் போரிட்டுத் திரும்பியவர். 1946-ல் அண்ணன் சார்லஸோடும் நண்பர்களோடும் ஓட்டுப் போடப் போனார், ஆயுதத்தோடு நின்ற வெள்ளையர் கூட்டம் திருப்பி அனுப்பியது. ஆல்கார்ன் கல்லூரியில் படித்தார். (அந்தக் கல்லூரியின் முதல் தலைவர் மேலே சொன்ன செனட்டர் ஹைரம் ரெவல்ஸ்.) இன்சூரன்ஸ் விற்க டெல்டாவின் குடிசைகளுக்குள் போனபோதுதான், தனக்குத் தெரியாத ஒரு வறுமையைப் பார்த்தார். பாலிசி எடுக்கச் சொல்லிப் போன வீடுகளிலேயே என்ஏஏசிபியிலும் உறுப்பினராகச் சேரச் சொல்ல ஆரம்பித்தார். 1954-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார், இடம் மறுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் என்ஏஏசிபியின் மாநிலக் களச் செயலாளர் ஆனார். சம்பளம் நியூயார்க்கிலிருந்து வந்தது. மிசிசிப்பியில் எந்த முதலாளியாலும் அவரை வேலையை விட்டு நிறுத்த முடியாது.

வேலையை விட்டு நிறுத்த முடியாதவரை என்ன செய்வார்கள் என்பதற்கு அவர் குடும்பம் தயாராகவே இருந்தது. ஜாக்சனில் அவர்கள் வாங்கிய வீட்டுக்குத் தெரு பார்த்த வாசல் கிடையாது, கார் நிறுத்தும் பக்கத்திலிருந்துதான் உள்ளே போக வேண்டும். பிள்ளைகளின் மெத்தைகளைத் தரையோடு போட்டிருந்தார்கள், ஜன்னல் வழியாகக் குண்டு வந்தால் மேலே போகட்டும் என்று. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் தரையில் படுத்துக் குளியலறைக்குத் தவழ்ந்து போவது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார்கள். 1963 ஜூன் 11 இரவு, அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் சம உரிமைச் சட்டம் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். நள்ளிரவு தாண்டி வீடு திரும்பிய எவர்ஸ் காரிலிருந்து இறங்கி, 'ஜிம் குரோ ஒழிய வேண்டும்' (நிறம் பார்த்துப் பிரிக்கும் சட்டங்களுக்கு வழங்கிய பெயர் ஜிம் குரோ) என்று அச்சடித்த சட்டைகளை அள்ளிக்கொண்டு நடந்தபோது எதிர்ப் புதரிலிருந்து முதுகில் சுட்டார்கள். அப்போது அவருக்கு வயது 37.

சுட்டவர் பைரன் டி லா பெக்வித். 1964-ல் இரண்டு முறை விசாரணை நடந்தது, இரண்டிலும் முழுக்க வெள்ளை ஆண்களே இருந்த ஜூரி முடிவுக்கு வராமல் கலைந்தது. முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட் நீதிமன்றத்துக்கு வந்து குற்றவாளிக் கூண்டில் இருந்தவரோடு கைகுலுக்கினார். ஒருபக்கம் மாநில அரசு அவர்மேல் வழக்கு நடத்த, அதே மாநில அரசின் உளவு அமைப்பான சாவரின்டி கமிஷன் ஜூரிகள் யார் எவர் என்று விசாரித்து அவருடைய வக்கீலுக்குத் தகவல் கொடுத்தது 1989-ல்தான் வெளியே வந்தது. எவர்ஸின் மனைவி மர்லி விடவில்லை. 1994 பிப்ரவரியில், சுட்டு முப்பது வருடம் கழித்து, பெக்வித்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மர்லியை 'எவர்ஸின் விதவை' என்று மட்டும் அடையாளப்படுத்தும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை, அவர் 1995-ல் என்ஏஏசிபியின் தேசியத் தலைவராகவே வந்தவர்.

கிளார்க்ஸ்டேலில் ஆரன் ஹென்றி. மருந்துக்கடை அவருடையது, வாடிக்கையாளர்கள் கறுப்பின மக்கள். கடையின் ஜன்னலில் சுதந்திரப் பிரகடனத்தை ஒட்டி வைத்திருந்தார், பின்பக்கத்தில் கூட்டம் நடக்கும். கடைக்குக் குண்டு வைத்தார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள், கைது செய்து குப்பை வண்டியில் வேலை செய்ய வைத்தார்கள். மறுபடியும் கடையைத் திறந்தார். அதே ஊரில் வீரா பிகீ அழகுநிலையம் நடத்தினார், தலை வாரிக்கொள்ள வரும் பெண்களுக்குப் பதிவுத் தேர்வுக்கான பாடமும் அங்கேயே நடக்கும். நாற்பது மைல் தள்ளி கிளீவ்லேண்டில் ஆம்ஸி மூர். தபால் அலுவலகத்தில் மத்திய அரசு வேலை, கூடவே 61-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். வெள்ளையருக்குத் தனி, கறுப்பினத்தவருக்குத் தனி என்று பலகை மாட்ட மறுத்தார். 1960-ல் நியூயார்க்கிலிருந்து வந்த பாப் மோசஸ் என்ற மாணவர் இயக்கத் தோழரிடம் மூர் சொன்னதுதான் மிசிசிப்பி இயக்கத்தின் திசையைத் தீர்மானித்தது. மற்ற மாநிலங்களில் மாணவர்கள் ஓட்டல்களில் உட்காரும் போராட்டம் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. ஓட்டலில் சாப்பிடக் காசில்லாத மக்களுக்கு அதனால் என்ன, எங்களுக்கு ஓட்டுரிமை வாங்க உதவுங்கள் என்றார் மூர். மோசஸுக்குப் பெரிய பெயர் கிடைத்தது, அவர் அதற்குத் தகுதியானவரும்கூட, ஆனால் யோசனை உள்ளூர் பெட்ரோல் பங்க்காரருடையது.

சொந்தத் தொழில் இருந்தால் பாதுகாப்பு என்று இதைப் புரிந்துகொண்டால் தவறாகிவிடும். தொழில் வேலைநீக்கத்திலிருந்து காப்பாற்றும், துப்பாக்கியிலிருந்து காப்பாற்றாது. 1961 செப்டம்பரில் ஹெர்பர்ட் லீ என்ற விவசாயி, சொந்த நிலம் உள்ளவர், பருத்தி அரவை மில் வாசலில் பகல் நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். கோழிப்பண்ணை வைத்திருந்த கிளைட் கென்னார்ட் வெள்ளையர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார் என்பதற்காக, 25 டாலர் பெறுமான கோழித்தீவனத்தைத் திருடத் தூண்டினார் என்று பொய் வழக்குப் போட்டு ஏழு வருடம் சிறைக்கு அனுப்பினார்கள். சிறையில் புற்றுநோய் முற்றி, 1963-ல் வெளியே விட்ட சில மாதங்களில் இறந்தார். ஹாட்டிஸ்பர்க்கில் வெர்னன் டாமர், மளிகைக்கடையும் மர அறுவை மில்லும் நிலமும் உள்ளவர், மக்கள் ஓட்டு வரியைத் தன் கடையிலேயே கட்டலாம் என்று வானொலியில் சொன்னார். 1966 ஜனவரியில் ஓர் இரவு வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் வீட்டுக்குத் தீ வைத்தது. குடும்பத்தைத் தப்பவிட்டுத் தானும் திருப்பிச் சுட்டுக்கொண்டு நின்ற டாமர் மறுநாள் இறந்தார்.

ஹோம்ஸ் கவுண்டியின் கதை இவ்வளவு பிரபலம் ஆகவில்லை, எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. 1930-களின் கடைசியில் ரூஸ்வெல்ட் அரசு அங்கே மைல்ஸ்டன் என்ற இடத்தில் பழைய பருத்திப் பண்ணைகளை வாங்கிப் பிரித்து, வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கு நீண்டகாலக் கடனில் விற்றது. இருபத்தைந்து வருடம் கழித்து, 1963 ஏப்ரலில், அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த 14 பேர் லெக்ஸிங்டன் நீதிமன்றத்துக்கு ஓட்டுக்குப் பதியப் போனார்கள். போலீஸ்காரர் தடுத்து, யார் முதலில் என்று கேட்டபோது முன்னால் வந்தவர் ஹார்ட்மன் டர்ன்போ, சொந்த நிலத்து விவசாயி. சில வாரங்களில் அவர் வீட்டில் தீக்குண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டார், மறுநாள் தன் வீட்டுக்குத் தானே தீ வைத்ததாக அவரையே கைது செய்தார்கள். ஆனாலும் 1967-ல் மாநிலச் சட்டமன்றத்துக்கு அந்த நூற்றாண்டின் முதல் கறுப்பின உறுப்பினர் ராபர்ட் கிளார்க் தேர்ந்தெடுக்கப்பட்டது இதே ஹோம்ஸ் கவுண்டியிலிருந்துதான். அரசு விற்ற பட்டாவுக்கும் அந்தச் சட்டமன்ற இருக்கைக்கும் நேர்கோடு போடலாம் என்பது என் கருத்து. நிலச் சீர்திருத்தத்தைப் பொருளாதாரப் பாடமாக மட்டும் படிப்பவர்கள் மைல்ஸ்டனைப் படிக்க வேண்டும்.

இனி ஃபேனி லூ ஹேமர். மேலே சொன்ன கணக்கு எதுவும் இவருக்குப் பொருந்தாது. இருபது பிள்ளைகளில் கடைசி, ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கியவர், பள்ளிக்கூடம் சில வருடம்தான். சன்ஃப்ளவர் கவுண்டியில் ரூல்வில் பக்கம் ஒரு பண்ணையில் 18 வருடம் கணவரோடு வேலை. எழுதப் படிக்கத் தெரிந்ததால் கணக்குப்பிள்ளை வேலையும் பார்த்தார், யார் எத்தனை பவுண்டு பறித்தார் என்று எழுதி வைப்பது. 1961-ல் வயிற்றுக் கட்டியை எடுக்க மருத்துவமனைக்குப் போனவருக்கு, கேட்காமலே கருப்பையை நீக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அங்கே இது நடந்தது. கறுப்பினத்தவர் ஓட்டுப் போடலாம் என்பதே 1962-ல், 44 வயதில், ஊர்த் தேவாலயத்தில் மாணவர் இயக்கத்தினர் பேசிய கூட்டத்தில்தான் தனக்குத் தெரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் கவுண்டித் தலைநகர் இண்டியனோலாவுக்குப் போனார்கள். சிட்டிசன்ஸ் கவுன்சில் 1954-ல் பிறந்த அதே ஊர். இத்தனைக்கும் இது செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்டின் சொந்தக் கவுண்டி, 5,000 ஏக்கருக்கு மேல் பண்ணை வைத்துக்கொண்டு வாஷிங்டனில் நீதித் துறைக் குழுவின் தலைவராக உட்கார்ந்து உரிமை மசோதாக்களைப் புதைத்துக்கொண்டிருந்தவர். பதிவாளர் ஹேமரிடம் அரசியலமைப்பில் நடைமுறைச் சட்டங்கள் பற்றிய ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார், அவர் தேறவில்லை. திரும்பி வரும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. பஸ்ஸின் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்து போல இருக்கிறதாம், அதற்கு நூறு டாலர் அபராதம், பேசிப் பேசி முப்பதுக்கு இறங்கியது. கைக்காசைச் சேர்த்துக் கட்டினார்கள். பயந்துபோய் உட்கார்ந்திருந்த பஸ்ஸுக்குள் ஹேமர் தேவாலயப் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தார், பின் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அவருடைய குரலின் பலம் என்ன என்று இயக்கத்துக்குத் தெரிந்தது அந்தப் பயணத்தில்தான்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பண்ணையாருக்குச் செய்தி போயிருந்தது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் பண்ணையை விட்டுப் போ என்றார். “உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன்” என்றார் ஹேமர். அன்றிரவே வெளியேறினார். கணவர் அறுவடை முடியும்வரை இருந்தாக வேண்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். பத்து நாளில், அவர் தங்கியிருந்த வீட்டின் மேல் பதினாறு குண்டுகள் பாய்ந்தன. மற்றவர்களுக்குக் கடையோ பட்டாவோ வெளியூர்ச் சம்பளமோ இருந்தது. ஹேமர் எதுவுமே கையில் இல்லாமல், இருந்த குடிசையையும் இழந்து, அதற்குப் பிறகு நின்றார். மற்ற தலைவர்களைவிட ஹேமரின் பேச்சு வாரத்துக்கு உழுதவர்களைத் தொட்டதற்குக் காரணம், அவர்களுடைய பயம் முழுவதும் அவருக்கு நடந்து முடிந்திருந்தது என்பதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் குளிர்காலம் பக்கத்து லெஃப்ளோர் கவுண்டி நிர்வாகம் ஏழைகளுக்கு மத்திய அரசு கொடுத்த இலவச உணவுப் பொருள் விநியோகத்தை நிறுத்தியது. 20,000-க்கும் மேற்பட்டோர் அதை நம்பித்தான் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். ஓட்டுப் பதிவு வேலைக்கான பதிலடி இது என்று எல்லாருக்கும் தெரியும். மாணவர் இயக்கம் வெளிமாநிலங்களில் மாவும் துணிமணியும் திரட்டிக் கொண்டுவந்தது. விளைவு நிர்வாகம் நினைத்ததற்கு நேர்மாறாகப் போனது. உணவு வாங்க வந்தவர்களுக்கு ஓட்டுக்கும் சோற்றுக்கும் உள்ள தொடர்பை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, அங்கிருந்து நேராக நீதிமன்றத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

1963 ஜனவரியில் ஹேமர் தேர்வில் தேறினார். ஜூன் 9-ம் தேதி பயிற்சி முடிந்து வரும் வழியில் வைனோனா பஸ் நிலையத்தில் கைது செய்தார்கள். சிறையில் இரண்டு கறுப்பினக் கைதிகளின் கையில் தடியைக் கொடுத்து அவரை அடிக்க வைத்தார்கள். சிறுநீரகமும் ஒரு கண்ணும் பாதிக்கப்பட்டு, அந்த வேதனை கடைசிவரை இருந்தது. 12-ம் தேதி வெளியே வந்தபோதுதான் எவர்ஸைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி தெரிந்தது.

அடுத்த ஆண்டு இந்த இரண்டு வகைத் தலைமையும் ஒரே மேடையில் மோதின. 1963 கடைசியில் நடத்திய மாதிரித் தேர்தலில் ஆரன் ஹென்றியை ஆளுநர் வேட்பாளராக நிறுத்தியபோது 80,000-க்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கறுப்பினத்தவருக்கு ஓட்டில் ஆர்வமில்லை என்ற வெள்ளையர் வாதம் அதோடு செத்தது. அந்தப் பலத்தில் 1964-ல் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியைத் தொடங்கி, வெள்ளையர் மட்டுமே கொண்ட அதிகாரபூர்வக் குழுவுக்குப் பதில் எங்களை உட்காரவிடுங்கள் என்று ஜனநாயகக் கட்சியின் அட்லாண்டிக் சிட்டி தேசிய மாநாட்டுக்குப் போனார்கள். ஆகஸ்ட் 22-ல் ஹேமர் சாட்சி சொன்னார், பண்ணையார், பதினாறு குண்டு, வைனோனா சிறை, ஒன்று விடாமல். பாதியில் அதிபர் ஜான்சன் திடீரென்று பத்திரிகையாளர் சந்திப்பு வைத்து நேரலையைத் தன் பக்கம் திருப்பினார், ஆனால் அன்றிரவு தொலைக்காட்சிகள் ஹேமர் பேச்சை முழுதாகவே போட்டன. சமரசமாக இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள், ஒன்று மருந்துக்கடைக்காரர் ஹென்றிக்கு, இன்னொன்று வெள்ளைப் போதகர் எட் கிங்குக்கு. யாருக்கு என்பதையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள். ஹென்றிக்கு ஏற்கலாம் என்ற எண்ணம் இருந்தது. வெறும் இரண்டு இடத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஹேமர் மறுத்தார், வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம்.

இதில் ஹென்றியைத் துரோகி ஆக்கும் வாசிப்பு அதிகம் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. குண்டு வைத்த கடையைத் திரும்பத் திறந்த மனிதர் அவர், கிடைத்ததை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்பது அவருடைய வழி. ஆனால் அந்த வழியில் ஹேமர் மாதிரி ஆட்களுக்கு அறைக்குள் இடமே இருக்காது என்பதும் உண்மை. இரண்டு இடத்தில் ஒன்றுகூட அவருக்கு ஒதுக்கப்படவில்லையே. அடுத்த வருடம் ஹேமர், அழகுசாதனம் விற்றுக்கொண்டிருந்த விக்டோரியா கிரே, இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஆனி டிவைன் மூவரும் மிசிசிப்பி எம்பிக்களின் தேர்வையே செல்லாது என்று நாடாளுமன்றத்தில் வழக்காடினார்கள். 228-க்கு 143 என்று தோற்றார்கள், ஆனால் அதற்குள் 1965 வாக்குரிமைச் சட்டம் வந்துவிட்டிருந்தது. 1967-க்குள் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரின் பதிவு ஏறக்குறைய 60 சதவீதம். 1968 சிகாகோ மாநாட்டில் ஹென்றி தலைமையிலான குழுவில் ஹேமரும் ஒருவராக உட்கார்ந்தார்.

ஹேமர் அதோடு நிற்கவில்லை. ஓட்டு வந்துவிட்டது, வேலை எங்கே? பருத்தி பறிக்க இயந்திரம் வந்து, வாரத்துக்கு உழுதவர்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றிக்கொண்டிருந்தது. 1969-ல் அவர் தொடங்கிய கூட்டுறவுப் பண்ணை 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. காய்கறி விளைவித்து உறுப்பினர் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பன்றி வங்கி என்று ஒன்று நடத்தினார்: ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி, குட்டி போட்டதும் அதிலிருந்து திருப்பிக் கொடுத்தால் அடுத்த குடும்பத்துக்குப் போகும். யாரும் பண்ணையாரை எதிர்பார்க்காமல் சாப்பிட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஹோவர்டின் வங்கியும் மைல்ஸ்டனின் பட்டாவும் செய்ததை, எதுவுமே இல்லாதவர்களுக்காகக் கீழிருந்து செய்யப் பார்த்தார். வெள்ளமும் கடனும் அவருடைய உடல்நலமும் சேர்ந்து எழுபதுகளின் நடுவில் பண்ணையை முடித்துவிட்டன. 1977 மார்ச்சில், 59 வயதில், மௌண்ட் பேயூ மருத்துவமனையில் இறந்தார்.

அதற்கு முந்தைய வருடம்தான் யுனிடா பிளாக்வெல் மேயர்ஸ்வில் ஊரின் மேயரானார். அவரும் பருத்தி பறித்தவர், அட்லாண்டிக் சிட்டிக்கு ஹேமரோடு போனவர், அந்த மாநிலத்தின் முதல் கறுப்பினப் பெண் மேயர். ராபர்ட் கிளார்க் சட்டமன்றத்தில் இரண்டு பேர் உட்காரும் மேசையில் எட்டு வருடம் தனியாக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. பிறகு அதே சபையில் தற்காலிக சபாநாயகர் பதவிக்கு வந்தார். 1986-ல் மைக் எஸ்பி, ஜான் லிஞ்சுக்குப் பிறகு மிசிசிப்பியிலிருந்து வாஷிங்டன் போன முதல் கறுப்பினப் பிரதிநிதி. அவருக்குப் பிறகு 1993 முதல் பென்னி தாம்சன்.

ஆனால் ஆளுநர், செனட்டர் போன்ற மாநிலம் முழுவதும் ஓட்டுப் போடும் எந்தப் பதவிக்கும், போருக்குப் பிந்தைய அந்தச் சில வருடங்களுக்கு அப்புறம் ஒரு கறுப்பினத்தவர்கூட அங்கே ஜெயித்ததில்லை, மக்கள்தொகையில் முப்பத்தெட்டு சதவீதம் அவர்களாக இருந்தும். 1890-ல் எழுதிய அரசியலமைப்புதான் இன்றும் மிசிசிப்பியில் நடப்பில் இருக்கிறது, திருத்தங்களோடு. ஆளுநராக வருபவர் அதிக ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது, பெரும்பான்மைச் சட்டமன்றத் தொகுதிகளிலும் முந்த வேண்டும் என்று அதில் இருந்த விதியை 2020-ல்தான் நீக்கினார்கள். திருட்டு, மோசடி போன்ற சில குற்றங்களில் தண்டனை பெற்றவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஓட்டு கிடையாது என்று 1890-ல் எழுதிய பிரிவு இன்னும் இருக்கிறது, 2024-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றே சொன்னது. தண்டனையை முழுதாக அனுபவித்து வெளியே வந்த ஒருவர் ஓட்டைத் திரும்பப் பெற ஆளுநர் மன்னிப்பு வழங்க வேண்டும், அல்லது அவர் ஒருவர் பெயருக்கென்று தனி மசோதா கொண்டுவந்து இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்ற வேண்டும்.